ஆடுகளுக்காகத் தாழ்த்திய சுவர்: எக்ஸ் நகரத்து நீரூற்றுகள்

தெற்கு பிரான்சில், மார்செய் துறைமுகத்துக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்துக்கு குர் மிராபோ என்றொரு பெரிய வீதி உண்டு. அதன் நடுவில் ஒன்பது குழாய் நீரூற்று என்று ஒன்று நிற்கிறது. 1691இல் கட்டியது. சிலை கிடையாது, சிங்கம் கிடையாது, பாசி படர்ந்த ஒரு கல்மேடும் அதிலிருந்து தொட்டிக்குள் விழுகிற தண்ணீரும்தான். முன்னும் பின்னும் பெரிய நீரூற்றுகள் இருப்பதால் பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தத் தொட்டியின் சுவரைக் கொஞ்சம் கவனியுங்கள், தாழ்வாக இருக்கும். ஆர்ல் பக்கத்துச் சமவெளியில் குளிர்காலத்தைக் கழித்த செம்மறியாட்டு மந்தைகள் கோடை தொடங்கும்போது ஆல்ப்ஸ் மலை மேய்ச்சலுக்கு நடந்தே போகும், போகிற வழியில் இந்த ஊருக்குள் புகுந்து இங்கேதான் தண்ணீர் குடிக்கும். ஆடு கழுத்தை நீட்டினால் தண்ணீர் எட்ட வேண்டும். அதற்காகத்தான் அந்த உயரம்.

இது எந்த வீதியில் என்று யோசித்துப் பாருங்கள். பிரபுக்களும் நீதிபதிகளும் மாலை நேரத்தில் கோச்சு வண்டியில் உலாப் போவதற்கென்றே வகுத்த வீதி. இரண்டு பக்கமும் மாளிகைகள். அந்த வீதியின் நடுவில் ஆட்டு மந்தைக்கு இடம் விட வேண்டியிருந்தது, ஏனென்றால் மந்தையின் வழி வீதிக்கு முந்தியது, தண்ணீரும் அங்கேதான் இருந்தது.

எக்ஸ் நீரூற்றுகளை அலங்காரமாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதி ஊரைத்தான் பார்க்கிறார்கள் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பழைய நீரூற்று ஒவ்வொன்றும் முதலில் யாருடைய தாகத்துக்காகவோ கட்டப்பட்டது. குடத்தோடு வந்தவர்கள், துணி துவைக்க வந்தவர்கள், குதிரைகள், ஆடுகள். அதற்கு மேலேதான் சிலையும் தூணும் பதக்கமும் ஏறின. கீழே தண்ணீர், மேலே அதிகாரம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஊரின் வரலாறு முழுக்க அங்கேயே நிற்கிறது.

நான் இந்த ஊருக்குப் போகத் தொடங்கியது நீரூற்றுகளுக்காக இல்லை. பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம் 1966 முதல் எக்ஸில்தான் இருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் போன்ற இடங்களின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளின் பிரதிகள் அங்கே உண்டு, நிர்வாகக் கடிதங்களும் உண்டு. பதிவேடுகளில் பலவற்றை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம் என்றாலும், மற்ற கோப்புகளுக்கு நேரில்தான் போக வேண்டும். வாசிப்பறை மூடிய பிறகு மாலை முழுவதும் கையில் இருக்கும். அந்த மாலைகளில் நடந்து நடந்துதான் இந்த நீரூற்றுகள் பழக்கமாயின. பகல் முழுக்க பழைய கையெழுத்தோடு போராடிவிட்டு வெளியே வந்தால், தெருமுனையில் தண்ணீர்ச் சத்தம் கேட்பது அவ்வளவு இதமாக இருக்கும்.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

ஊரே தண்ணீரால்தான் பிறந்தது. இப்போதைய நகரத்துக்கு வடக்கே 3 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மேட்டுநிலம் இருக்கிறது, ஆந்த்ரமோன் என்று பெயர். அங்கே சல்லுவியர் என்ற கெல்டிய-லிகூரிய மக்களின் கோட்டைக் குடியிருப்பு இருந்தது. அவர்களுக்கும் மார்செயில் குடியேறியிருந்த கிரேக்கர்களுக்கும் ஓயாத தகராறு. கிரேக்கர்கள் ரோமை உதவிக்கு அழைத்தார்கள். ரோமானியத் தளபதி செக்ஸ்தியுஸ் கல்வினுஸ் வந்து ஆந்த்ரமோனைத் தகர்த்தான், கி.மு. 122 வாக்கில் மேட்டுக்குக் கீழே, வெந்நீர் ஊற்றுகள் இருந்த இடத்தில் படைமுகாம் போட்டான். செக்ஸ்தியுஸின் நீர்கள் என்று பொருள்படும் அக்வாய் செக்ஸ்தியாய் என்பதுதான் முகாமின் பெயர், அது தேய்ந்து எக்ஸ் ஆனது. 20 வருடம் கழித்து, கி.மு. 102இல், வடக்கிலிருந்து பெருங்கூட்டமாக இறங்கி வந்த தியூட்டன் இனத்தாரை ரோமானியத் தளபதி மாரியுஸ் இதே பகுதியில்தான் முறியடித்தான். ஆந்த்ரமோனில் கிடைத்த சிற்பங்களை கிரானே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்த போர்வீரர்கள், வெட்டிய தலைகள். தண்ணீரைத் தேடிப் போகிறவர்கள்கூட அந்த அறையை விட்டுவிடக் கூடாது. இந்த ஊர் யாருடைய இடத்தின் மேல் எழுந்தது என்பதை வேறெங்கும் அவ்வளவு நேராகப் பார்க்க முடியாது.

ரோமானியர்களுக்கு வெந்நீர் மட்டும் போதவில்லை. சுற்றுவட்டார மலை ஊற்றுகளிலிருந்து கால்வாய் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஜூக் கிராமத்துப் பக்கமிருந்து வந்த கால்வாயின் தூண்கள் மெய்ரார்க் கோட்டைக்குக் கீழே இன்றும் உயரமாக நிற்கின்றன. இந்த வெந்நீரைப் பற்றி கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறார்: அதில் சில ஊற்றுகள் இப்போது குளிர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று. 2000 வருடத்துக்கு முன்னாலேயே ஊற்று பழைய மாதிரி இல்லை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள். எனக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும். தண்ணீரை நம்பி வாழ்கிற எந்த ஊரிலும் இந்தப் பேச்சு இருக்கும்.

குளிர்ந்தாலும் நின்றுவிடவில்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்கள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறு விரிசல் வழியாக மேலே வருகிறது. ரோமானியக் குளியலறைகள் இருந்த பக்கத்தில் இன்று செக்ஸ்தியுஸ் பெயரிலேயே ஒரு குளியல் நிலையம் நடக்கிறது, அங்கே ஊற்றுநீர் 30 டிகிரிக்கு மேல். இன்னொரு வெந்நீர் ஓட்டம் குர் மிராபோவின் நடுவிலேயே, 1734ஆம் வருடத்து வெந்நீர் நீரூற்றில் வந்து விழுகிறது. ஊர்க்காரர்கள் பாசி நீரூற்று என்றே சொல்வார்கள். தண்ணீரிலிருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து, அதன் மேல் பாசியும் செடியும் வளர்ந்து, கீழே என்ன சிற்பம் இருந்தது என்பதே தெரியாமல் ஒரு பச்சைக் குன்றாகிவிட்டது. தண்ணீர் 18 டிகிரி வாக்கில் இருக்கும். ஜூலை மாதத்தில் கையை நனைத்தால் இதிலென்ன வெந்நீர் என்று தோன்றும். ஜனவரி காலையில் போக வேண்டும், மிஸ்திரால் காற்று காதை அறுக்கிற நாளில். அப்போது அதன் மேல் ஆவி எழும், கையை வைத்தால் எடுக்க மனசு வராது. வீட்டில் விறகு எரித்துத்தான் தண்ணீர் காயவைக்க முடியும் என்றிருந்த காலத்தில், தெரு நடுவில் இப்படி ஓர் ஊற்று ஓடியது எவ்வளவு பெரிய சொத்து என்பது அங்கே அந்தக் குளிரில் நிற்கும்போதுதான் உறைக்கும்.

குர் மிராபோ எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1646இல், பிரான்சை நடத்திக்கொண்டிருந்த கார்டினல் மஸாரானின் தம்பி மிஷெல் மஸாரான் இங்கே பேராயராக இருந்தார். அவர் மதிலுக்குத் தெற்கே இருந்த தோட்ட நிலங்களில் ஒரு புதுக் குடியிருப்பு போட அனுமதி வாங்கினார். தெருக்கள் எல்லாம் கட்டம் கட்டமாக, நேர்கோட்டில். பழைய ஊருக்கும் இந்தப் புதுப் பகுதிக்கும் நடுவில் நின்ற மதிலை இடித்த இடத்தில்தான் 440 மீட்டர் நீளமும் 42 மீட்டர் அகலமும் உள்ள இந்த வீதி 1649 முதல் 1651க்குள் வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பேச்சாளர் மிராபோவின் பெயரை வைத்தது வெகு பின்னால், 1876இல். இன்றும் வடக்குப் பக்கம் காப்பிக் கடைகள், தெற்குப் பக்கம் மாளிகைகள் என்று வீதி இரண்டாகப் பிரிந்தே நிற்கிறது. நடுவில் பிளாத்தான் மரங்கள், கோடையில் வானமே தெரியாத அளவுக்கு நிழல்.

மஸாரான் குடியிருப்புக்குள் போனால் நான்கு டால்பின் நீரூற்று. 1667, சிற்பி ழான்-குளோத் ராம்போ. எக்ஸில் ஒரே ஒரு நீரூற்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதற்குத்தான் அனுப்புவேன். அதுவரை நீரூற்றுகளைச் சுவரில் சாய்த்துத்தான் கட்டினார்கள், இது நாற்சந்தியின் நடுவில் தனியாக நிற்கிறது. எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் ஒரு டால்பின் நம்மைப் பார்த்துத் தண்ணீர் உமிழும். உடம்பு முழுக்கச் செதில், வால் மேலே தூக்கியிருக்கும், நிஜமான டால்பினை அந்தச் சிற்பி பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான், ஆனால் முகத்தில் அப்படியொரு உயிர்ப்பு. நடுவில் கூர்ந்த கல்தூண், உச்சியில் ஒரு பைன் காய். அளவு சின்னது, சுற்றியிருக்கும் வீடுகளின் உயரத்துக்கு மிகச் சரியாக அமைந்தது. பெரிதாகக் கட்டியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

பழைய ஊர்ப் பக்கம் வருவோம். இங்கே கதை கொஞ்சம் கனமானது. புரோவான்ஸ் தனி ஆட்சியாக இருந்தது. அதன் கடைசிப் பெரிய ஆட்சியாளர் ரெனே, மக்கள் நல்லரசர் என்று கொண்டாடிய மனிதர், 1480இல் இறந்தார். அடுத்து வந்தவரும் 1481 டிசம்பரில் வாரிசில்லாமல் இறந்துபோக, புரோவான்ஸ் பிரெஞ்சு அரசரின் கைக்குப் போனது. 1501இல் பிரெஞ்சு அரசர் பன்னிரண்டாம் லூயி எக்ஸில் பார்லமோன் என்ற உயர் நீதிமன்றத்தை நிறுவினார். தீர்ப்பு மட்டுமில்லை, அரசாணைகளைப் பதிவு செய்கிற அதிகாரமும் அதற்கு இருந்ததால் நீதிபதிக் குடும்பங்கள்தான் ஊரை ஆண்டன என்று சொல்லலாம். அந்தப் பணத்தில்தான் மாளிகைகளும் எழுந்தன. புரோவான்ஸ் மக்களிடம் ஒரு பழைய சொலவடை உண்டு: மிஸ்திரால் காற்று, பார்லமோன், துரான்ஸ் ஆறு, இந்த மூன்றும்தான் புரோவான்ஸைப் பிடித்த பீடைகள் என்று. காற்று பயிரைக் கெடுக்கும், நீதிமன்றம் பையைக் காலி செய்யும், ஆறு நினைத்தபோது பெருகி நிலத்தை வாரிக்கொண்டு போகும்.

அந்தத் துரான்ஸ் ஆற்றை நகராட்சிச் சதுக்கத்தில் நேரிலேயே பார்க்கலாம். பழைய தானியச் சந்தைக் கட்டிடத்தின் முகப்பில் ழான்-பங்கிராஸ் ஷாஸ்தெல் செதுக்கிய சிற்பம் இருக்கிறது. ரோன் ஆறு ஓர் ஆணாகவும் துரான்ஸ் ஒரு பெண்ணாகவும். அந்தப் பெண்ணின் ஒரு கால் சட்டத்துக்கு வெளியே தொங்கும். கரைக்குள் அடங்காத ஆறு என்பதை ஒரு காலை வெளியே விட்டே சொல்லிவிட்டார். அந்த முகப்புக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பினால், சதுக்கத்தில் அவரே 1756இல் செய்த நீரூற்று. அதன் மேல் ஒரு ரோமானியத் தூணை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த ஊரில் அது வழக்கம். ஒகுஸ்தன் நீரூற்றின் தூணும் ரோமானியத் தூண்தான், 1820இல் ஏற்றியது, உச்சியில் ஒரு நட்சத்திரம். அந்தத் தூண் வந்த கதை வருத்தமானது. பிரபுக்களின் பழைய அரண்மனைக்குள் ரோமானியர் காலத்துக் கோபுரங்கள் புதைந்தபடி அப்படியே நின்றிருந்தன, ஒரு கல்லறைக் கோபுரம் உட்பட. 1776 முதல் அந்த அரண்மனையை இடித்தார்கள், கோபுரங்களையும் சேர்த்து. புது நீதிமன்றம் கட்டுவதற்காம். 1500 வருடத்துக்கு மேல் நின்றதைப் பத்து வருடத்தில் காலி செய்துவிட்டார்கள். மிஞ்சியதில் ஒரு துண்டு இப்போது தெருவில் தண்ணீருக்கு மேல் நிற்கிறது.

அந்த அரண்மனைக்குப் பக்கத்தில்தான் பிரெஷர் சதுக்கம், செவ்வாய், வியாழன், சனி சந்தை கூடும் இடம். அங்கேயும் ஷாஸ்தெல் செய்த நீரூற்று ஒன்று, 1758. தொட்டியில் சிங்கங்கள், நடுவில் கூர்ந்த தூண், மேலே ஒரு கழுகு. தூணின் அடியில் ஊரை நிறுவிய செக்ஸ்தியுஸில் தொடங்கி அன்றைய அரசர் பதினைந்தாம் லூயி வரை ஆட்சியாளர்களின் முகங்களைப் பதக்கங்களாக வைத்தார்கள். புரட்சி வந்தபோது பதக்கங்களை உடைத்தார்கள், 19ஆம் நூற்றாண்டில் மறுபடி வைத்தார்கள். தண்ணீர் மட்டும் யார் முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அது சந்தைக்காரர்களுக்கு வேண்டும். இதே சதுக்கத்தில்தான் மரண தண்டனைகளும் நடந்தன. 1772இல் எழுத்தாளர் மார்க்கி தெ சாதுக்கும் அவருடைய வேலைக்காரனுக்கும் ஆளில்லாமலேயே, உருவ பொம்மையை வைத்துத் தண்டனை நிறைவேற்றியது இங்கேதான். ஓவியர் செசானுக்கு 1839இல் ஞானஸ்நானம் கொடுத்த மதலேன் தேவாலயமும் இந்தச் சதுக்கத்தில்தான் நிற்கிறது.

இந்த வட்டாரத்துப் பெரிய குடும்பங்களில் ஒன்றிலிருந்து நம் கடலுக்கு வந்தவர் ஒருவர் உண்டு. எக்ஸுக்குக் கொஞ்சம் வடமேற்கே சான்-கன்னாவில் 1729இல் பிறந்த சுஃபிரன். 1782-83இல் பிரெஞ்சுக் கடற்படையோடு வந்து சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று வரிசையாக ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதியவர், கடலூரில் ஹைதர் அலியைச் சந்தித்தவர். ஆவணக் காப்பகத்தில் சோழமண்டலக் கடற்கரைத் துறைமுகங்களின் பெயர்களைப் படித்துவிட்டு வந்து இந்த ஊர்த் தெருக்களில் நடக்கும்போது, அந்தத் துறைமுகங்களின் தலைவிதியைத் தீர்மானித்த சிலர் இந்த வீடுகளில் விருந்துண்டவர்கள் என்ற நினைப்பு கூடவே வரும். அது அவ்வளவு எளிதான நினைப்பு இல்லை.

அல்பெர்த்தாஸ் சதுக்கத்தை எல்லாப் படங்களிலும் பார்த்திருப்பீர்கள். மூன்று பக்கம் வளைந்த மாளிகை முகப்புகள், நடுவில் வட்டத் தொட்டி. முகப்புகள் 1740களில் வந்தவை, எதிரேயிருந்த தங்கள் மாளிகைக்கு நல்ல காட்சி வேண்டுமென்று அந்தக் குடும்பம் இடத்தை வாங்கிக் கட்டியது. தண்ணீர்த் தொட்டியோ 1912இல்தான் வந்தது, தொழிற்பள்ளி மாணவர்கள் செய்து கொடுத்தது. சாயங்கால வெளிச்சத்தில் அழகுதான், ஆனால் இந்த ஊரின் தாகத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. அதைவிட, பேராயர் மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ்பெலூக் நீரூற்றைத் தேடிப் பாருங்கள், 1618ஆம் வருடத்தது, பிற்பாடு இப்போதைய இடத்துக்கு நகர்த்தினார்கள். அப்படியே சான்-சோவர் தேவாலயத்துக்குள் போய், 5ஆம் நூற்றாண்டுக்கும் 6ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் கட்டிய ஞானஸ்நான மண்டபத்தையும் பாருங்கள். எட்டுப் பட்டைத் தொட்டி, அதைச் சுற்றிலும் ரோமானியத் தூண்கள்.

இனி தாகத்துக்கு வருகிறேன். இவ்வளவு நீரூற்றுகள் இருக்கிற ஊர், 19ஆம் நூற்றாண்டில் கோடைதோறும் தண்ணீருக்குத் தவித்தது. ஊற்றுகள் பழைய மக்கள்தொகைக்குப் போதுமானவை, அவ்வளவுதான். கோடையில் பல வாரம் மழையே பெய்யாத நாடு இது. வயலுக்கு வேண்டும், ஆலைகளுக்கு வேண்டும், வீட்டுக்கு வேண்டும். 1843இல் ஃபிரான்சுவா ஸோலா என்ற பொறியாளர் குடும்பத்தோடு இங்கே வந்தார். வெனிஸில் பிறந்தவர். சாந்த் விக்துவார் மலைக்கு மேற்கே, தொலொனே கிராமத்துக்கு மேலே இருக்கும் குறுகிய பள்ளத்தாக்கை அடைத்து மழைநீரைத் தேக்கி, கால்வாய் வழியாக எக்ஸுக்குக் கொண்டுவரலாம் என்பது அவருடைய திட்டம். வளைவு அணை: அணைச் சுவர் நீர்ப்பக்கமாக வில் போல வளைந்திருக்கும், தண்ணீரின் அழுத்தம் இருபுறப் பாறைகளுக்குப் போய்விடும். அந்த மாதிரி அணையை நவீன காலத்தில் கட்டியவர்களில் அவர் முன்னோடி.

அனுமதிக்காக வருடக்கணக்கில் அலைந்தார். நில உடைமையாளர்கள் எதிர்த்தார்கள், பாரிஸ் அலுவலகங்களில் கோப்பு நகரவில்லை. கடைசியில் 1847இன் தொடக்கத்தில் வேலை ஆரம்பித்தது. மார்ச் மாதத்தில் மார்செயில் இருந்தபோது நிமோனியா வந்து இறந்துபோனார். மகனுக்கு ஏழு வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன. அந்த மகன்தான் பின்னால் நாவலாசிரியரான எமில் ஸோலா.

அப்பா போன பிறகு குடும்பம் சரிந்தது. கம்பெனியின் பங்குகள் கைவிட்டுப் போயின, அம்மா வழக்கு நடத்தித் தோற்றார், வாடகை குறைந்த வீடுகளாகப் பார்த்து மாறிக்கொண்டே இருந்தார்கள். 1854இல் அணை முடிந்து எக்ஸுக்குத் தண்ணீர் வந்தபோது அதில் அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஊர் முழுக்க அப்பா யோசித்த தண்ணீரைக் குடிக்கிறது, பையன் ஏழைப் பையனாகப் பள்ளிக்கூடம் போகிறான். அந்தப் பள்ளியில்தான் செசானோடு நட்பு. இருவரும் இன்னொரு நண்பனும் விடுமுறை முழுக்க இந்த மலைகளில் சுற்றினார்கள், ஆற்றில் குளித்தார்கள், அணைப் பக்கம் போனார்கள். 1858இல் எமில் பாரிசுக்குப் போய்விட்டார், பிற்பாடு தன் நாவல்களில் எக்ஸைப் பிளாசான் என்ற பெயரில் எழுதினார், ஊரைக் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை அணையைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது ஊரில் அப்பா, மகன் இருவர் பெயரும் சேர்த்து ஒரு சாலைக்கு வைத்திருக்கிறார்கள்.

அணைத் தண்ணீர் வந்து ஆறு வருடம் கழித்து, 1860இல், ஊரின் மேற்கு வாசலில் ரொத்தோந்த் நீரூற்றைக் கட்டினார்கள். 12 மீட்டர் உயரம், 32 மீட்டர் விட்டமுள்ள தொட்டி, சிங்கங்கள், அன்னங்கள், டால்பின்கள், எல்லாப் பக்கமும் பீய்ச்சுகிற தண்ணீர். பழைய நீரூற்றுகளைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் வேறு காலத்துக்கு வந்துவிட்டது உடனே தெரியும். ஊற்றுநீரை அளந்து பயன்படுத்திய ஊர் இப்படியொன்றைக் கட்ட நினைத்திருக்கவே முடியாது. உச்சியில் மூன்று பெண் சிலைகள்: மார்செயைப் பார்த்து வேளாண்மை, அவிஞ்ஞோனைப் பார்த்து நுண்கலைகள், ஊரைப் பார்த்து நீதி. பார்லமோன் புரட்சியோடு போய்விட்டது என்றாலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்றும் பெரிய நகரமான மார்செயில் இல்லை, எக்ஸில்தான் இருக்கிறது. நீதி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்குத் தங்கள் ஊரைத் தெரிந்திருந்தது. வீதியின் மறுகோடியில், ரொத்தோந்தை நோக்கியபடி, நல்லரசர் ரெனே கையில் முஸ்கத் திராட்சைக் குலையோடு தன் நீரூற்றின் மேல் நிற்கிறார், டாவிட் தாஞ்ஜே செதுக்கிய சிலை. அந்த திராட்சையை அவர்தான் புரோவான்ஸுக்குக் கொண்டுவந்தார் என்பது ஊர் நம்பிக்கை.

ஸோலா அணையும் போதாமல் போனது. 1875இல் வெர்தோன் ஆற்றிலிருந்து கால்வாய் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய அணைக்கு மேலே பிமோன் அணை எழுந்தது. 1957இல் புரோவான்ஸ் கால்வாய்க்கென்று ஒரு நிறுவனம் அமைத்தார்கள், இப்போது வெர்தோன் தண்ணீர்தான் எக்ஸுக்கும் மார்செய் பக்கத்துக்கும் போகிறது. துரான்ஸ் ஆறும் பெரிய அணைகளுக்குள் அடங்கிவிட்டது. ஆட்டு மந்தைகள் லாரியில் மலைக்குப் போகின்றன. இதையெல்லாம் யோசித்தால் ஒன்பது குழாய் நீரூற்றுக்கு இன்று வேலை ஒன்றும் இல்லை, ஆனாலும் அதன் சுவரை யாரும் உயர்த்தவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

போகிறவர்களுக்கு: ஊருக்குள் இருப்பதெல்லாம் நடக்கிற தூரம்தான், ரொத்தோந்தில் தொடங்கி வெந்நீர் நீரூற்றில் கையை நனைத்துவிட்டு, டால்பின்கள், அப்புறம் பழைய ஊர் என்று போனால் வசதி. எல்லா நீரூற்றிலும் குடிக்க முடியாது, பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அணைக்கு அவசியம் போங்கள். பிமோனில் வண்டியை நிறுத்திவிட்டு மலைப்பாதையில் இறங்கி நடந்தால் ஸோலா அணை கீழே தெரியும். வெயிலில் நிழல் குறைவு, குடிதண்ணீர் எடுத்துப் போக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து சாந்த் விக்துவார் பாதைகளை மூடிவிடுவார்கள், எந்தெந்தப் பகுதி திறந்திருக்கும் என்று முந்தைய நாள் மாலையே அறிவித்துவிடுவார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.